ஆகிமுக்கு ஒரு காது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை தொடங்கியது அடையாள அட்டை அலுவலகத்தில். இந்த ஹாங்காங்கில் எத்தனையோ வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். அட்டையைப் புதுப்பிக்கப் போனால், மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "மேடம், காது தெரியல" என்றாள். முடியை ஒதுக்கினேன். "இன்னொரு காதும்" என்றாள். "ஒரு காதைப் பாத்தா நான்தான்னு தெரியாதா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எரிச்சல். எரிச்சல் வந்தால்தான் எனக்குக் கதை வரும், என் ராசி அப்படி. இந்த ஊரில் முதன்முதலில் படம் பிடித்த சீனர்கள் எடுத்த படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்திருப்பவர்கள் நேராக உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு கண், இரண்டு காது, இரண்டு கை, இரண்டு செருப்பு, ஒன்றையும் ஒளிப்பதில்லை. முகத்தில் நிழல் விழாது. விழுந்தால் சண்டைதான், "எம்மூஞ்சி பாதி கறுப்பா?" என்று. வெள்ளைக்காரர்கள் பக்கவாட்டில் திரும்பி எங்கோ தொலைவில் எதையோ யோசிப்பார்கள். சீனர்கள் உங்களைத்தான் பார்ப்பார்கள். செத்த பிறகு பிள்ளைகள் சோறு வைத்துக் கும்பிடப்போகிற முகம் அது. பாதி முகத்துக்குப் பாதிச் சோறா வைப்பது?

சரி, ஒரு காது இல்லாத ஒருத்தி அந்தக் காலத்தில் படம் எடுக்க வந்திருந்தால்?

இந்தக் கேள்வியைத் தவிர என்னிடம் வேறு சரக்கு இல்லை. ஆதாரம் கேட்காதீர்கள். அவளை நான்தான் உண்டாக்கினேன். உண்டாக்கிய பிறகு அவள் என் பேச்சைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

2

முதல் தொடக்கம்:

கண்ணாடிக் கூரையின் வழியே ஒளி தேனாய் வழிந்துகொண்டிருந்த அந்தக் காலைப் பொழுதில்

வேண்டாம். தேனாவது பாலாவது. கோடையில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே நின்றவனைக் கேளுங்கள், எது வழியும் என்று சொல்வான்.

இரண்டாவது தொடக்கம்:

பூன் சியூநாம் முன்பு ஓவியர். கப்பல் கேப்டன்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிக்கொண்டிருந்தவர், கேமரா வந்ததும்

இதையும் பாதியில் நிறுத்தினேன். சியூநாமில் தொடங்கினால் கதை அவருடையதாகிவிடும். பொறுமைசாலி, கெட்டிக்காரர், படத் தகட்டின் வெள்ளி மருந்து பட்டுப்பட்டு விரல் நுனிகள் கறுத்துப்போனவர். எழுதுகிறவளுக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தால் விடமாட்டாள், அவர் தோளிலேயே கை போட்டுக்கொண்டு கதை முழுக்க நடந்துவிடுவாள். கூடாது.

மூன்றாவது தொடக்கம். இதை மாற்றப்போவதில்லை:

"யோவ் மேஸ்திரி! இன்னாய்யா இது, படியா மலையா?"

[இங்கே ஒரு குறிப்பு. துறைமுகத்துப் பெண் ஒருத்தியை எனக்குத் தெரிந்த தமிழில் பேசவைக்க வேண்டுமென்றால் சென்னைக் காசிமேட்டுத் தமிழ்தான் உண்டு. நான் பிறந்தது அங்கே. வேறு எந்தத் தமிழிலும் அவளுக்குப் படகு ஓட்ட வராது. எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.]

3

மாக் ஆகிம் மூச்சு வாங்க சியூநாமின் படக்கடை மேல்மாடிக்கு வந்து சேர்ந்தாள். ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகள், குவீன்ஸ் ரோடு, கோடைக்காலக் காலை. நாற்பதைத் தாண்டியவள். துறைமுகத்தில் சாம்பான் படகு ஓட்டுகிறவள். கரையிலிருந்து கப்பலுக்கு ஆளையும் மூட்டையையும் கொண்டுபோய் விடுவது பிழைப்பு. வெறுங்கால். தலையில் காது மறைய ஒரு கறுப்புத் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

படம் எதற்கு என்று சியூநாம் கேட்டார்.

"எம்புள்ள ஆசூனுக்கு. நாளைக்கு சாய்ங்காலம் தங்கமலைக்குக் கப்பல் ஏறுறான். கலிபோர்னியாவோ இன்னாவோ. அவன் திரும்பி வர்ற வரைக்கும் நான் இருக்கேனோ இல்லியோ. எம்மூஞ்சிய எட்த்துக்கினு போவட்டும். நான் பூட்டேன்னு சேதி வந்தா அங்கியே சொவுத்துல மாட்டி ரெண்டு வாய் சோறு வெப்பான்."

"கும்பிடுற படமா? அப்ப நேரா உக்காரணும் அக்கா. தலைத்துணியை எடுத்துருங்க."

ஆகிம் அவரை ஒரு தரம் முறைத்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்க்கக் கொஞ்சம் நேரமாயிற்று. இடது பக்கம் காது இருக்க வேண்டிய இடத்தில் சுருங்கிய தழும்பும் ஒரு துளையும்தான் இருந்தன.

சியூநாம் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"இன்னா, பூதத்தப் பாத்தாப்ல நிக்கிற? ஒரு காது இல்ல, அவ்ளோதான். மத்ததெல்லாம் கீது."

"கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பி உக்காந்தீங்கன்னா... கேப்டனுங்க எல்லாம் அப்படித்தான் உக்காருவாங்க அக்கா. ரொம்ப கம்பீரமா இருக்கும்."

"அவனுங்க மூஞ்சிக்கு அரை மூஞ்சியே ஜாஸ்தி. எனக்கு முழுசு வோணும்."

"முழுசா எடுத்தா அது தெரியுமே."

"தெரியட்டுமே! நீ படம் புடிக்கிறவனா, மூடி வெக்கிறவனா?"

சியூநாம் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னங்கழுத்தை ஓர் இரும்புக் கவையில் பொருத்தினார்.

"இன்னாய்யா, தூக்குல போடப்போறியா?"

"ஆடாம இருக்கறதுக்குத்தான் அக்கா."

"அலை மேல நின்னுக்கினு துடுப்பு போடுறவ நான். என்னியப் போயி ஆடாதன்றான் பாரு!"

ஆனால் ஆடவில்லை. மருந்து பூசிய கண்ணாடித் தகடு ஈரம் காய்வதற்குள் சியூநாம் அதைக் கேமராவில் சொருகி, வில்லையின் மூடியைத் திறந்தார். திறந்த மூடியைத் திரும்பப் போடும்வரை அவள் கண்கூட இமைக்கவில்லை. எதிரே இருந்த கண்ணாடி வில்லையைத் தன் பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள்போல. அந்தப் பார்வையை வர்ணிக்க எனக்குத் தெம்பில்லை. எனக்கு அவளை அப்போதே ரொம்பப் பிடித்துப்போயிற்று, அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

4

காது எப்படிப் போயிற்று?

நீங்கள் அப்போதிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும். நானும் இதில் மாட்டிக்கொண்டு கதையை அப்படியே போட்டுவிட்டேன். பிறகு ஒன்றொன்றாக எழுதிப் பார்த்தேன்.

ஊர்ச்சண்டை என்று எழுதினேன். மேற்கே ஆற்றங்கரையில் குலத்துக்குக் குலம் வெட்டிக்கொண்ட காலத்தில், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடும்போது பின்னாலிருந்து ஓர் அரிவாள்

கோடிட்டு அடித்தேன். வீராங்கனை ஆகிவிடுகிறாள். கைக்குழந்தை வேறு. சினிமா.

நங்கூரக் கயிறு அறுந்து விசிறியடித்ததில் போய்விட்டது என்று எழுதினேன். ஐயோ பாவம் ஆகிவிடுகிறாள். அதையும் அடித்தேன்.

தண்டனை என்று எழுதினேன். ஏதோ ஒரு குற்றத்துக்காக ஏதோ ஓர் அதிகாரி அறுக்கச் சொன்னது. படித்துறையில் பல பேர் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். இது நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. இனி அவள் என்ன செய்தாலும் நீங்கள் அந்தக் குற்றத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பீர்கள். அதனாலேயே அடித்தேன்.

(அடைப்புக்குறிக்குள் ஒரு தகராறு. ஆகிம்: "எங்காது பூட்ட கத உனுக்கு இன்னாத்துக்கு?" நான்: "வாசகர்கள் கேட்பார்கள்." ஆகிம்: "கேட்டா கேக்கட்டும். காரணம் நல்லாருந்தாத்தான் எம்மூஞ்சியப் பாப்பாங்களாமா? போம்மே, வேலையப் பாரு.")

போனேன். காது இல்லை. காரணமும் கிடையாது. கோபித்துக்கொள்ளாமல் மேலே வாருங்கள்.

5

மறுநாள் மதியம் ஆகிம் வந்தபோது படம் தயாராக இருந்தது. வெயிலில் அச்சான தாளை அட்டையில் ஒட்டியாயிற்று. அவள் அதை வாங்கி, கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தாள். பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"யாருய்யா இவ?"

"நீங்கதான் அக்கா."

"எனக்கு ஏதுய்யா ரெண்டு காது?"

கண்ணாடித் தகட்டில் எல்லாம் மாறித் தெரியும். முகம் கறுப்பு, முடி வெளுப்பு. அதன் மேல் கறுப்பு மையால் ஒரு காதைத் தீட்டினால், தாளில் அது வெளுப்பாக விழும். சியூநாம் காலையெல்லாம் குனிந்து உட்கார்ந்து தீட்டியிருந்தார். வலது காதைப் பார்த்து இடது காது. மடலுக்குள் மெல்லிய நிழல்கூட இருந்தது. நல்ல காது, குறை சொல்ல முடியாது. அவர் முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

[அவரைத் திட்டுவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். செத்தவருக்குப் படம் வரைய வருகிற ஓவியர் கையில் மாதிரித் தாள்கள் இருக்கும். வகைவகையான மூக்கு, கண், தாடை. "அப்பாவுக்கு இந்த மூக்கா, அந்த மூக்கா?" என்பார். பிள்ளைகள் சண்டை போட்டு ஒரு மூக்கை முடிவு செய்வார்கள். அந்தத் தொழிலிலிருந்து வந்த மனுஷன் சியூநாம். இல்லாத காதை வைப்பது அவருக்குப் பொய் இல்லை, மரியாதை.]

"கும்பிடுற படத்துல குறை இருக்கக் கூடாது அக்கா" என்றார். "அப்பா அம்மா முழுசாக் குடுத்த உடம்பு. முழுசாத்தான் திருப்பிக் குடுக்கணும். அங்க போயும் நீங்க காதில்லாம அலையணுமா? நான் நல்லதுதானே செஞ்சேன்?"

"நல்லதா? நல்லாக் கேட்டுக்கோ மேஸ்திரி. எம்புள்ள அங்க சோறு வெக்கிறான். ஊதுவத்தி கொளுத்துறான். 'அம்மா, வா, சாப்டு'ன்றான். படத்துல கீறது யாரு? ரெண்டு காதுக்காரி. எவளோ ஒருத்தி ரெண்டு காதோட வந்து சட்டமா குந்திக்கினு அத்தினி சோத்தையும் துன்னுட்டுப் பூடுவா. நான் வாசல்ல நின்னுக்கினு 'டேய், நான்தாண்டா உங்கம்மா'ன்னு கத்திக்கினு கெடப்பேன். அவன் படத்தப் பாப்பான், என்னப் பாப்பான். 'போம்மே, வேற வூடு பாரு'ன்னுவான். இதான்யா நீ செஞ்ச நல்லது!"

சியூநாம் படத்தை வாங்கி அந்தக் காதை மறுபடி பார்த்தார்.

இந்த இடத்தில் அவருக்காக நான் ஒரு பக்கம் வாதாடி எழுதியிருந்தேன். உடம்பு முழுசாக இருக்க வேண்டும் என்பதும் இந்த ஊர் நம்பிக்கைதான், முகம் அச்சாக அதுவேதான் இருக்க வேண்டும் என்பதும் இந்த ஊர் நம்பிக்கைதான். இரண்டும் சரி என்றால் அவள் என்ன செய்வாள் என்றெல்லாம். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். வாசலில் பட்டினியாக நிற்கப்போவது அவள். எனக்கென்ன, நான் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"தொடச்சுடு" என்றாள் ஆகிம்.

"அக்கா..."

"தொட்டா அழியாத மையா?"

"இல்ல. ஈரத்துணியால ஒரு இழுப்பு இழுத்தா போயிடும்."

"அப்ப இழு!"

சியூநாம் இழுக்கவில்லை. கறுத்த விரல்களைப் பார்த்தபடி நின்றார்.

"நானா வரையல அக்கா. எனக்கும் மனசு கேக்கலதான், இருந்தாலும் நானா கை வெச்சிருக்க மாட்டேன். நேத்து நீங்க போனதும் உங்க பையன் வந்தான். அவன்தான் வெக்கச் சொன்னான்."

6

மேலே போகுமுன் ஆசூனைப் பற்றி என் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை எழுதியபோது அவனை அம்மாவைப் பார்த்துக் கூசுகிற பயலாக எழுதினேன். படிக்கப் படிக்க எனக்கே அவனை அறையத் தோன்றியது. இரண்டாம் தடவை அம்மாவுக்கு மறு உலகத்திலாவது இரண்டு காது வேண்டும் என்று உருகுகிற உத்தமனாக எழுதினேன். அப்போதும் அறையத் தோன்றியது. மூன்றாம் தடவை பேனாவை ஒதுக்கிவைத்துவிட்டு அவனையே பேசவிட்டேன்.

ஆகிம் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "டேய் ஆசூன்! மேல வாடா!"

கீழே தெருவில் மூட்டையோடு நின்றிருந்தவன் வந்தான். அரும்பு மீசை தாண்டிய ஆண்பிள்ளை, அம்மாவைவிட ஒரு தலை உயரம். வந்தவன் அம்மாவின் தலையைப் பார்த்தான். துணி அவள் கையில் இருந்தது. சட்டென்று தரையைப் பார்த்தான்.

"நீயாடா சொன்ன?"

"ஆமா."

"ஏண்டா?"

"கப்பல்ல பக்கத்துல பக்கத்துல படுக்கணும்மா. எவனாவது படத்தப் பாப்பான். 'உங்கம்மா இன்னா திருடுனா?'ன்னு கேப்பான். நான் அவன அடிப்பேன், அவன் என்ன அடிப்பான். தெனமும் இதே வேலையா?"

"அடி."

"இன்னாது?"

"அடின்றேன். துடுப்பு போட்ட கைதானே அது?"

சியூநாமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆசூனுக்கு வரவில்லை.

"அது மட்டும் இல்லம்மா." அவன் குரல் இறங்கியது. "எனக்கு நெனவு தெரிஞ்சதுலேர்ந்து நீ அந்தத் துணியக் கட்டிக்கினுதான் கீற. எனுக்கு எதுர்ல ஒரு நாள் அவுத்தது இல்ல. தூங்கசொல்லோ கூடக் கட்டிக்கினுதான் தூங்குவ. படித்துறைல பேசிக்கினத வெச்சித்தான் எனுக்குத் தெரியும். இப்பத்தான் மொத மொத பாக்கறேன். நீயே எங்கிட்டேர்ந்து மூடி வெச்சத நான் எப்டிம்மா சொவுத்துல மாட்டுவேன்?"

இந்த வரியை நான் யோசிக்கவே இல்லை, பையன் தானாகச் சொன்னான். ஆகிம் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"கரைல கீறவனுக்குத்தாண்டா மறைச்சேன்" என்றாள். "பாத்தா படகுல ஏற மாட்டானுங்க. உனுக்கு மறைக்கலடா. மறைச்சி மறைச்சி, அவுக்கத் தெரியாமப் பூட்ச்சி. அதான் இப்ப அவுத்தேன். நீ போறியேன்னு." அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. "மேஸ்திரி, அந்தக் கண்ணாடிய எட்றா."

இதுவரை அவரை அவள் ஒருமையில் அதட்டியிருந்தாலும் "டா" போட்டதில்லை. அவர் எதுவும் சொல்லாமல் தகட்டை எடுத்து வந்தார். ஒரு துணியை நனைத்துப் பிழிந்தார். அவள் இரண்டையும் வாங்கினாள். தகட்டில் அவள் முகம் கறுப்பாக இருந்தது, காதும் கறுப்பாக.

துடைத்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். சியூநாமும் நினைத்தார். அவள் இரண்டையும் மகன் கையில் கொடுத்தாள்.

"நீ கேட்டு வாங்கின காது. நீயே பாத்துக்கோ. தொடச்சாலும் சரி, வுட்டாலும் சரி. நாளைக்கு சோறு வெச்சுக் கூப்புடப்போறது நீ. யாரக் கூப்புட்றன்னு தெரிஞ்சிக்கினு கூப்புடு."

7

இப்போது முடிவுகள்.

முடிவு அ. இரண்டு படம். சியூநாம் இதை உடனே சொல்லியும் பார்த்தார். "காதோட ஒண்ணு, காதில்லாம ஒண்ணு, ரெண்டையும் அச்சடிச்சுத் தர்றேன். எடுத்துட்டுப் போயேன் தம்பி." ஆகிம் திரும்பினாள். "ஒரு புள்ளைக்கு ரெண்டு அம்மாவாய்யா?" அத்தோடு முடிவு அ முடிந்தது.

முடிவு ஆ. தகடு கைதவறி விழுந்து உடைகிறது. எழுதுகிறவர்களுக்கு ரொம்ப சௌகரியம். ஆனால் ஆசூன் அதைக் கெட்டியாகப் பிடித்திருந்தான். உடையவில்லை, உடைக்கவும் மாட்டேன்.

முடிவு இ. பல வருஷம் கழித்து, கலிபோர்னியாவில் ஒரு மரவீட்டுச் சுவரில்

மாட்டேன். அங்கே என்ன மாட்டியிருந்தது என்று நான் சொல்லிவிட்டால், பாவம், அந்தப் பையன் கையில் துணியைக் கொடுத்ததற்கு அர்த்தமே இல்லை.

ஆகிம் அங்கே நிற்கவில்லை. "எது சொல்றானோ அத அச்சடி மேஸ்திரி. நான் படகுல கீறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். நான் அவளோடு இறங்கிவிட்டேன். இந்தக் கதை முழுக்க அவள் பின்னால்தான் நடந்திருக்கிறேன், கடைசியில் மட்டும் மாடியில் ஒளிந்திருந்து எட்டிப்பார்ப்பது நன்றாக இருக்காது. எனவே மேலே என்ன நடந்தது என்று எனக்கு நிஜமாகவே தெரியாது.

தெருவில் அவள் தலைத்துணியைக் கட்டிக்கொள்ளவில்லை. படித்துறையில் ஒருவன் வெறித்துப் பார்த்தான். "இன்னாடா, காது பாத்ததில்லியா? பாக்கிறதுக்கும் ஒண்ணுமில்ல, போ" என்றாள். கயிற்றுக் கட்டையின் மேல் உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். வெயில் சாயத் தொடங்கியது. வளைகுடாவில் கப்பல் புகை விட்டுக்கொண்டிருந்தது.

ஆசூன் வந்தான். தோளில் மூட்டை. சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துத் தட்டையாக ஏதோ இருந்தது. அவள் கேட்கவில்லை. நான் கேட்கப் போனேன், என்னை அவள் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன்.

சாம்பானில் துடுப்பு பின்பக்கம். அவள் அங்கே நின்றுதான் போட வேண்டும். ஏறுகிறவர்கள் எல்லாரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போய்ச் சேர வேண்டிய கப்பலைப் பார்த்துத்தான் உட்காருவார்கள். எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தால் கப்பல் தெரியாது. அவள் முகம்தான் தெரியும். நேராக, முழுசாக, கப்பலுக்குப் போய்ச் சேரும்வரை.

"குந்துடா" என்றாள் ஆகிம். "எந்தப் பக்கம் வோணா குந்து. காத்து மாறுறதுக்குள்ள போய்ச் சேரணும்."

அவன் பலகையின் மேல் ஒரு காலை வைத்தான்.

அவனை உட்காரவைக்க வேண்டியது நீங்கள். நான் செய்ய மாட்டேன். அவள் பக்கம் எனக்குச் சாய்வு அதிகம், என் கையால் உட்காரவைத்தால் அது அவன் உட்கார்ந்ததாகாது. நீங்களாக இருந்தால் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சீக்கிரம். அவள் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.